வற்றும் கண்மாய்களைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: மதுரையிலிருந்து வேட்டங்குடி

பறவை பார்க்கப் போகிறவர்கள் மார்கழியில் போவார்கள், தையில் போவார்கள். நானும் தம்பியும் பங்குனிக் கடைசியில் கிளம்பியிருக்கிறோம். "காஞ்சு கெடக்குற கண்மாயில என்னத்தடி பாக்கப் போற?" என்று அம்மா கேட்டாள். அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எங்கள் தாத்தா ஊர்க் கண்மாய்க்கு, அதாவது பாசன ஏரிக்கு, நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கோடை விடுமுறைக்குப் போகும்போது கண்மாய் வெடித்துக் கிடக்கும். "செத்துப் போச்சா தாத்தா?" என்று கேட்பேன். "இல்லத்தா, படுத்திருக்கு" என்பார். முப்பது வருடமாக அந்தச் சொல் என்னோடு இருக்கிறது. அதன் பொருளை ஊர் ஊராகப் போய்ப் பார்க்க இப்போதுதான் நேரம் வாய்த்தது. அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

மேலூர் தாண்டி, திருப்பத்தூர் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பினால் வேட்டங்குடி. 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. மொத்தமே 40 ஹெக்டேருக்குள்தான். தையில் ஒருமுறை வந்திருக்கிறேன். கருவேல மரங்களின் இலையே தெரியாதபடி நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் வக்காக்களும் அடைந்து கிடந்தன. இன்று அதே மரங்களில் வெறும் கூடுகள். கிளைகளெல்லாம் எச்சம் பூசி வெளுத்திருந்தன. மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் மட்டும் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர்.

அந்தக் கொஞ்சத்தின் ஓரத்தில்தான் இன்று காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். கண்மாய் நிறைந்திருக்கும்போது முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகமும் பாம்புத்தாராவும்தான் அதிகம் தெரியும். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கினால் நாரைகள் இறங்கி நடக்கும். இன்னும் குறைந்தால் கொக்குகள். சேறு தெரிய ஆரம்பித்தால் நெடுங்கால் உள்ளான், அப்புறம் சின்ன உள்ளான்கள். எல்லாம் காய்ந்த பிறகு வாலாட்டிக் குருவியும் வானம்பாடியும். ஒரே கண்மாய் ஆறேழு மாதத்தில் ஒவ்வொரு கால் உயரத்துக்கும் ஒரு பந்தி வைக்கிறது. வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கிற குளத்தில் இத்தனை பேருக்குச் சாப்பாடு கிடைக்காது.

கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது பத்திரிகைகளில் வருடாவருடம் வருகிற செய்தி. டீக்கடையில் இருந்த பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "புள்ளத்தாச்சி வீட்டுல வெடி போடுவாகளா ஆத்தா?" என்றார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இதேதான். அவர் வயல் இந்தக் கண்மாய்ப் பாசனம். எச்சம் கலந்த தண்ணீர் பாய்வதால் உரம் குறைவாகவே போதும் என்கிறார். பறவைக்குக் காட்டும் இரக்கம் வயலுக்கும் நல்லதாக இருப்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு தலைமுறை தாண்டியும் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள்: சிங்கம்புணரிப் பக்கம் ஒரு மீன்பிடித் திருவிழா

ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் பரவினால் கூட்டம் தாங்காதாம். சரி.

விடியும் முன்பே கண்மாய்க் கரை முழுக்க ஆட்கள். கையில் ஊத்தா, கச்சா வலை, பழைய சேலை, கொசுவலை. ஊத்தா தெரியாதவர்களுக்கு: மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த, அடியில்லாத கூடை. மேல்வாய் சின்னது, கீழ்வாய் பெரியது. சேற்றில் ஓங்கிக் குத்த வேண்டும். உள்ளே மீன் சிக்கினால் முட்டும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும்.

கரை மேல் இருக்கும் சாமிக்குக் கும்பிடு போட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் சேறானது. விரால், கெளுத்தி, குரவை, கெண்டை, ஜிலேபி. தம்பி யாரிடமோ ஊத்தா வாங்கி இறங்கி, ஒரு குரவையோடு வந்தான். பிடித்த மீனை விற்கக் கூடாது, குழம்பு வைக்க வேண்டும், பிடிக்காத வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். விற்றால் அடுத்த வருடம் கண்மாய் பெருகாது என்று நம்புகிறார்கள்.

"இப்படி வழிச்சு எடுத்துட்டா அடுத்த வருசத்துக்கு மீனு ஏதுங்கய்யா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் மடைக்குழியைக் காட்டினார். அங்கே யாரும் இறங்கவில்லை. விரால் சேற்றுக்குள் கிடந்து தாக்குப்பிடிக்கும். காற்றை நேராக மூச்சிழுக்கிற மீன் அது. மிச்சம் வெள்ளத்தோடு வரும். மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து, மிகுநீர் வெளியேறும் கலங்கு வழிந்தால் அதன் மீன் கீழே இறங்கும், கீழே இருக்கிற மீன் புதுத்தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். அதை ஏத்துமீன் என்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி இன்னொன்று இருக்கிறது. மீன் இல்லாமல் போகிற அந்த இரண்டு மூன்று மாதம் தவளைக்கும் தட்டானுக்கும் பெரிய வரம். முதல் மழையில் தண்ணீர் தேங்கியதும் தவளை முட்டையிடும், தட்டான் முட்டையிடும். தின்பதற்குப் பெரிய மீன் இருக்காது. தலைப்பிரட்டைகள் தப்பித்து வளர்ந்து வெளியேறிய பிறகுதான் மீன் பெருகும். வற்றாத குளத்தில் இந்த இடைவெளி கிடைக்காது. ஆகாயத்தாமரைக்கும் அப்படித்தான். சாக்கடை சேர்ந்து வற்றவே வற்றாத நகரத்துக் கண்மாய்களில் அது பச்சைப் பாயாக மூடிக் கிடக்கிறது. இந்தக் கண்மாயில் போன வருடம் கொஞ்சம் வந்ததாம், வெயிலில் தரையோடு காய்ந்துவிட்டதாம். விதை மண்ணில் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஆட்சி பிடிக்க விடாமல் கோடை அதை அடக்கி வைக்கிறது.

ஒரு கவலையும் உண்டு. இந்தப் பக்கத்திலேயே பல கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தைப் பார்க்க வேண்டும், அதனால் வளர்ப்பு மீன் குஞ்சுகளைக் கொட்டுவார். சில இடங்களில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்துவிடுகிறது. அது எதையும் விட்டுவைக்காது. அயிரையைக் கண்டு எத்தனை வருசமாச்சு என்று இன்று மூன்று பேர் சொன்னார்கள்.

இரவுச் சாப்பாடு, அதே கண்மாய் விரால் குழம்பு. யார் வீடென்று கூடத் தெரியாது. கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள்: ராஜசிங்கமங்கலம்

இன்று அதிகம் எழுத இல்லை. பாதி நாள் பயணத்திலேயே போனது.

"நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பது ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றிய சொலவடை. நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம். கரை மேல் வண்டியை விட்டு நாங்களும் பார்த்தோம். கரை போய்க்கொண்டே இருக்கிறது. தண்ணீர் நிற்கிற உள்வாய் முழுக்கக் காய்ந்து, ஆடுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் சாணமும் புழுக்கையும் காய்ந்த புல்லும் எல்லாம் ஐப்பசியில் தண்ணீருக்குள் போகும். அதில் கிளம்பும் நுண்ணுயிர்களைத் தின்றுதான் மீன்குஞ்சுகள் வளரும். கோடையில் சேர்த்ததை மழைக்காலத்தில் செலவழிக்கிற குடும்பம் மாதிரி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றின் கலங்கு வழிந்தால் அடுத்ததற்கு வரத்து. வைகையே நேராகக் கடலுக்குப் போகாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேருகிற நாடு இது. ஆகவே ஒரு கண்மாயைக் காப்பாற்றுகிறோம் என்றால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். இன்று வழியில் நாங்கள் பார்த்த வரத்துக்கால்களில் ஒன்றில் வீட்டுமனைக் கல் ஊன்றியிருந்தது. இன்னொன்றின் குறுக்கே சாலை போட்டு, அடியில் ஒரே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் வாயில் நெகிழிக் குப்பை. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். வரத்துக்கால்களை யாராவது எண்ணியிருக்கிறார்களா? வெயிலில் நின்று அந்தக் குழாயைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

நான்காம் நாள்: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம்

பரமக்குடி தாண்டியதுமே மண் கறுத்துவிட்டது. முதுகுளத்தூர்ச் சாலையோரம் முழுக்க மிளகாய்க் களம். ராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டை உருண்டையாக, சாலையே சிவப்பாக இருந்தது. தம்பிக்குத் தும்மல் நிற்கவில்லை. அதோடு சீமைக்கருவை முள் குத்திப் பின்சக்கரம் பஞ்சர். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனோம்.

சித்திரங்குடிக் கண்மாயும் காஞ்சிரங்குளமும் 1989இல் சரணாலயங்கள் ஆனவை. இரண்டுமே ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவித்தார்கள். உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்கள் என்கிற அங்கீகாரம் அது. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு இன்றைக்கு யாராவது இங்கே வந்து நின்றால் திகைத்துப் போவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரிசல் மண் கை நுழையும் அகலத்துக்கு வெடித்திருக்கிறது. பாளம் பாளமாக, கண்ணுக்கெட்டியவரை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி தொலச்ச?" என்று கேட்டார். ஒன்றும் தொலைக்கவில்லை, பார்க்க வந்தோம் என்றேன். சிரித்தார். அப்புறம் கையில் இருந்த தொரட்டிக் கம்பின் அடியால் ஒரு வெடிப்பின் ஓரத்தைக் குத்திக் கிளறி, கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் கையில் வைத்தார். நத்தை. வாயை மூடிக்கொண்டு, கல் மாதிரி இருந்தது.

வயல் நத்தைக்குக் கதவு உண்டு. தண்ணீர் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கி, அந்தக் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு மழை வரும்வரை கிடக்கும். செவுளும் உண்டு, நுரையீரல் போல ஒன்றும் உண்டு, அதனால் தண்ணீரிலும் வாழும், வெளியிலும் மூச்சு விடும். எங்கள் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதாது என்று அப்பத்தா தன் தூக்குவாளியை நீட்டினார். குடிக்க வைத்திருந்த தண்ணீர். அதில் போட்டுவிட்டுக் கருவேல நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மகன் சென்னையில், மருமகள் மிளகாய்க் களத்தில், ஆடு மொத்தம் இருபத்தி மூன்று. நேரம் போனதே தெரியவில்லை. தம்பிதான் "அக்கா, அங்க பாரு" என்றான். கதவு நூலளவு திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் சதை எட்டிப் பார்த்தது.

"படுத்திருக்கு" என்று தாத்தா சொன்னதை நான் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

ஐப்பசியில் மழை இறங்கினால் இந்த நத்தைகள் எல்லாம் ஒன்றாக எழும். முட்டையிட்டுப் பெருகும். அதை நம்பித்தான் நத்தைகுத்தி நாரை கூடு கட்டுகிறது. அலகின் நடுவில் ஓர் இடைவெளி வைத்து, நத்தையின் கதவைத் தாண்டிச் சதையை எடுப்பதற்கென்றே பிறந்த பறவை அது. இதே பாளங்களுக்கு அடியில் கோரைக் கிழங்கும் கொட்டியும் அல்லியும் கிடக்கின்றன. பறவைகள் போய்விட்டன, இவை போகவில்லை. தூசியோடு தூசியாகக் கிடக்கும் சிற்றிறால் முட்டைகளும் உண்டு. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்ட ஓரிரு நாளில் பொரிந்துவிடக்கூடியவை. இந்த மண்ணில் நடக்கிற ஒவ்வொரு அடியும் எதன் மேலோ வைக்கிற அடிதான் என்று தோன்றியதும் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அப்படி வைத்ததால்தான் ஆள்காட்டிப் பறவையின் நான்கு முட்டைகளை மிதிக்காமல் தப்பித்தோம். கூடு என்று ஒன்றும் இல்லை, சின்னக் கற்களுக்கு நடுவே மண் நிறத்தில் நான்கு. தாய் எங்கள் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது. உடனே விலகி வந்துவிட்டோம்.

இப்படிப்பட்ட இடத்தைத்தான் பொட்டல் என்று கருதி மண் அள்ளுகிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்கிற கெடுதலும் உண்டு. வண்டல் எடுப்பது நல்லது. தாத்தா காலத்தில் மாட்டுவண்டியில் கரம்பை மண் அள்ளி வயலில் கொட்டுவார்கள். கண்மாயும் ஆழமாகும், வயலும் கொழிக்கும். ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017இல் அரசு மீண்டும் கையில் எடுத்தபோது நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் பொக்லைன் இயந்திரம் இறங்குகிற இடத்தில் அந்தப் பக்குவம் பல நேரம் இருப்பதில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறவே ஏறாது. களிமண் படுகையை வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் கொக்கு நிற்க இடமில்லை. வேட்டங்குடியில் பார்த்த அந்தப் பந்தி, ஓரம் சரிவாக இருப்பதால் நடக்கிறது.

சீமைக்கருவை பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே அது காடு. ஊருக்கு ஊர் கரிமூட்டம் புகைகிறது. மழை பொய்த்த வருடங்களில் இந்தக் கரிதான் சோறு போட்டது என்று அப்பத்தா சொன்னார். அதே மரம்தான் கண்மாய்க்குள் நுழைந்து புல்லை முளைக்கவிடாமல், வரத்துக்காலை அடைத்து நிற்கிறது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் நாட்டுக்கருவேலம் குறைந்துபோன இடங்களில் நாரைகள் இதன் மேலும் கூடு கட்டுகின்றன. ஒரே வாரத்தில் மொட்டை அடித்துவிட்டால் அடுத்த மார்கழியில் அவை எங்கே போகும்? கூடு காலியான கோடையில், பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் மண்திட்டுப் போட்டு நாட்டுக்கருவேலமும் நீர்மருதும் வைத்து வளர்த்த பிறகு மிச்சத்தை எடுக்கலாம். பத்து வருட வேலை. அவ்வளவு பொறுமை வேண்டும்.

கிளம்பும்போது நத்தையை எடுத்த இடத்திலேயே, ஈரம் காய்ந்து கதவை மறுபடி மூடிய பிறகு, வெடிப்புக்குள் வைத்து மண்ணைப் போட்டு மூடினோம். "ஐப்பசியில வா தாயி, தவளச் சத்தத்துல ஒறங்க முடியாது" என்றார் அப்பத்தா.

ஐந்தாம் நாள்: கூந்தன்குளம்

நெல்லைச் சீமைக்கு வந்தால் கண்மாய் என்ற சொல் போய்விடுகிறது. இங்கே குளம். வடக்கே ஏரி. நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளம் 1994இல் சரணாலயம் ஆனது, ராம்சாரில் சேர்ந்ததாக 2022இல் அறிவித்தார்கள். மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருவதால் சித்திரங்குடி காய்ந்த பிறகும் இங்கே தண்ணீர் இருக்கும். அதனால் இங்கே குஞ்சுக் காலம் இன்னும் முடியவில்லை.

நான்கு நாள் வெறிச்சோடிய கண்மாய்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால் காது அடைக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டுமில்லாமல் ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டியிருக்கின்றன. கீழே மாடு கட்டியிருக்கிறார்கள், துணி காயப் போட்டிருக்கிறார்கள். எச்சமும் மீன்வாடையும் யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பறவை வராத வருடம்தான் அவர்களுக்கு வருத்தம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்து விடுகிறார்கள்.

உச்சி வெயிலில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை, கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் குடை மாதிரி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தது. நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அது அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஒரு அக்கா குளத்தோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "தண்ணி வத்துததுக்குள்ள இதுவ பறந்திரணும்லா" என்றார். தண்ணீர் குறையக் குறைய மீன் ஓரிடத்தில் ஒடுங்கும், குஞ்சுக்கு இரை தேடுவது தாய்க்குச் சுலபமாகும். அந்தக் கணக்கில்தான் இவை முட்டையிடுகின்றன. கணக்கு சில நாள் தவறினாலும் இரை தீர்ந்துவிடும். நாங்கள் பார்த்த குஞ்சுகள் சில இன்னும் பஞ்சு மயிரில் இருந்தன. நன்றாகப் பறக்க இரண்டு மாதம் போல ஆகும்.

அந்த அக்காவின் மகன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறான். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புதுக் குச்சி நடுவானாம். கரையிலிருந்து வரிசையாகப் பதினேழு குச்சி நின்றது. பதினெட்டாவதைத் தம்பி கையில் கொடுத்து நடச் சொன்னான்.